அடிமனைக்குக் கிரயம் வேண்டாம், கலையாத குத்தகை வேண்டும்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், திருவிடைமருதூர் என்று காவிரி டெல்டா ஊர்களில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பல வீடுகளுக்கு இரண்டு சொந்தக்காரர்கள் உண்டு. சுவர், ஓடு, நிலை, கதவு எல்லாம் குடியிருக்கும் குடும்பத்துக்குச் சொந்தம். அடியில் இருக்கும் மண் சாமிக்குச் சொந்தம். சொத்து வரி ரசீதும் மின் இணைப்பு அட்டையும் குடும்பத்தின் பெயரில் இருக்கும். நகர நில அளவைப் பதிவேட்டிலோ கோயிலின் பெயரோ மடத்தின் பெயரோ தேவஸ்தானத்தின் பெயரோ இருக்கும். அந்த மண்ணுக்குக் கட்டும் தொகைதான் அடிமனை வாடகை. மூன்று தலைமுறையாகக் கட்டுகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

இந்த வீடுகளைப் பற்றி இரண்டு குரல்கள் பலமாகக் கேட்கின்றன. குடியிருப்பவர்களுக்கே மனையைக் கிரயம் செய்து கொடுங்கள் என்பது ஒன்று. கோயில் சொத்தில் இருப்பவர்களை வெளியேற்றுங்கள் என்பது மற்றொன்று. என் கருத்து இரண்டுக்கும் வெளியே இருக்கிறது. மனையை விற்கக் கூடாது. ஆனால் மனையை வாங்கும் உரிமையைப் பறித்த சட்டம், அதற்கு ஈடாக வாடகைதாரருக்கு ஒரு பிடிமானத்தைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

மனையை வாங்கும் உரிமை ஒரு காலத்தில் இருந்தது என்பதே பலருக்குத் தெரியாது. 1921-ஆம் ஆண்டின் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், அடுத்தவர் மண்ணில் தன் செலவில் கட்டடம் கட்டியவருக்காக வந்தது. பிறகு அரசு அறிவிக்கை மூலம் சென்னைக்கு வெளியே உள்ள நகராட்சி ஊர்களுக்கும் அதை நீட்டிக்க வழி செய்தார்கள். அதில் இரண்டு பிரிவுகள் முக்கியம். 3-ஆம் பிரிவின்படி, காலி செய்யச் சொன்னால் கட்டடத்துக்கும் வைத்த மரத்துக்கும் நில உரிமையாளர் மதிப்புப் போட்டு ஈடு கொடுக்க வேண்டும். 9-ஆம் பிரிவின்படி, காலி செய்யச் சொல்லி வழக்கு வந்தால், சம்மன் கிடைத்த ஒரு மாதத்துக்குள் குத்தகைதாரர் அதே நீதிமன்றத்தில் மனுப் போட்டு மனையைத் தனக்கே விற்கச் சொல்லலாம். வசதியாகக் குடியிருக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு இடம் தேவையோ, அவ்வளவை நீதிமன்றம் அளந்து, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரிச் சந்தை விலையை நிர்ணயிக்கும். அந்தத் தொகையை மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டுக்குள் தவணையாகக் கட்டலாம். குத்தகைதாரர் தானாகப் போய் மனையைக் கொடு என்று கேட்க முடியாது, உரிமையாளர் வழக்குப் போட்டால்தான் இந்தக் கதவு திறக்கும். தற்காப்புக்காகக் கொடுத்த உரிமை இது.

1996 ஜனவரியில் சட்டத் திருத்தம் 2/1996 வந்தது. கோயில், மசூதி, தேவாலயம் என்று எந்தச் சமய நிறுவனத்துக்குச் சொந்தமான நிலமாக இருந்தாலும் இந்தச் சட்டம் பொருந்தாது என்றார்கள். நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்த மனுக்களும் அற்றுப்போயின. மயிலாப்பூர் கிளப் வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 9-ஆம் பிரிவு போனதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். கூடவே 3-ஆம் பிரிவும் போனது. கட்டடத்துக்கான ஈடும் போய்விட்டது என்பதே பெரிய இழப்பு. இப்போது மிஞ்சியிருப்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு தரும் உரிமை மட்டும்தான். குத்தகை முடிந்தாலும், இடம் தன் கைவசம் இருக்கும் வரை, தான் வைத்ததைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகலாம். நாட்டு ஓடும் தேக்கு உத்திரமும் நிலையுமாக இருந்த காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது, பிரித்தால் பாதி விலையாவது தேறும். கான்கிரீட் தளத்தையும் செங்கல் சுவரையும் பெயர்த்தால் எதுவும் தேறாது, இடிக்கும் கூலிதான் கையை விட்டுப் போகும்.

பிரிட்டனில் இதே கேள்வியை வேறு விதமாகத் தீர்த்தார்கள். அங்கே உள்ளாட்சி மன்றங்கள் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகளைக் குடியிருப்பவர்களே தள்ளுபடி விலையில் வாங்கும் உரிமையை 1980-இல் மார்கரெட் தாட்சர் அரசு சட்டமாக்கியது. மூன்று ஆண்டு குடியிருந்தால் 33 சதவீதத் தள்ளுபடி, ஆண்டுக்கு ஒரு சதவீதம் கூடி 50 வரை. இங்கிலாந்தில் மட்டும் ஏறக்குறைய 20 லட்சம் வீடுகள் விற்பனையாயின. வேல்ஸில் சுமார் 1.39 லட்சம் வீடுகள் போயின. 1981-இல் அங்கே இருந்த பொது வீடுகளில் இது 45 சதவீதம். விற்ற இடத்துக்கு ஈடாகப் புதிய வீடுகள் கட்டப்படவில்லை, விற்ற பணத்தை உள்ளாட்சி மன்றங்கள் முழுதாக வீடு கட்டச் செலவிடவும் விடவில்லை. இங்கிலாந்தில் அப்படி விற்ற ஃப்ளாட்டுகளில் ஏறக்குறைய 40 சதவீதம் தனியார் வாடகைக்குப் போய்விட்டதாக 2017-இல் கணக்கெடுத்தார்கள். ஏழைக்கென்று கட்டிய வீட்டில் அதே தரத்து ஏழை அதிக வாடகைக்குக் குடியேறினார்.

ஸ்காட்லாந்து 2016 ஆகஸ்ட் 1-இல் இந்த உரிமையை முடித்தது. வேல்ஸ் 2019 ஜனவரி 26-இல் முடித்தது. இங்கிலாந்து இன்னும் ஒழிக்கவில்லை, ஆனால் 2024 நவம்பரில் தள்ளுபடியின் உச்சவரம்பை 16,000 முதல் 38,000 பவுண்டு வரை என்று இறக்கிவிட்டது. வேல்ஸ் முடித்த முறையைக் கவனிக்க வேண்டும். சட்டம் 2018 ஜனவரியில் அரச ஒப்புதல் பெற்றது, வாங்க நினைத்தவர்களுக்கு ஓராண்டு அவகாசம் கிடைத்தது. என்ன மாறுகிறது என்று விளக்கும் தாள் இரண்டு மாதத்துக்குள் ஒவ்வொரு வாடகைதாரருக்கும் போய்ச் சேர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். வாங்கும் உரிமை போன பிறகும் வாடகை உரிமை அப்படியே நின்றது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது, கணவர் இறந்தால் மனைவிக்கு வீடு தொடரும். நம் 1996 திருத்தத்தில் அவகாசமும் இல்லை, விளக்கத் தாளும் இல்லை, வாடகை உரிமைக்கு ஒரு வரிப் பாதுகாப்பும் இல்லை.

டெல்டாவிலேயே வேறொரு முன்மாதிரியும் உண்டு. மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு 1971-ஆம் ஆண்டின் குடியிருப்பு உரிமைச் சட்டம் அந்த மனையையே சொந்தமாக்கியது. 1971 ஜூன் 19 அன்று குடியிருந்தவர் யாரோ அவருக்கே அந்த இடம் என்றார்கள். விலை பேசவோ நீதிமன்றம் ஏறவோ தேவை இருக்கவில்லை. அது சரியான சட்டம். பண்ணையில் வேலை செய்ய மறுத்தால் குடிசையைப் பிரித்துப்போடுவேன் என்ற மிரட்டலை அது அறுத்தது. கோயில் அடிமனைக்கும் அதையே செய்யச் சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. மிராசுதார் ஒரு தனி மனிதர். கோயில் மனை விளக்குக்கும் நைவேத்தியத்துக்கும் ஓதுவார் சம்பளத்துக்கும் என்று எழுதிவைத்த அறக்கட்டளைச் சொத்து. அது ஒருமுறை கிரயமாகிவிட்டால் மீளாது. கடைத்தெருவுக்குப் பக்கத்தில் உள்ள மனை என்றால், வாங்கிய குடும்பமே அடுத்த சில ஆண்டுகளில் வணிக வளாகம் கட்டுகிறவருக்குக் கொடுத்துவிடும். அடுத்த தலைமுறையில் குறைந்த வாடகைக்கு இடம் தேடுகிறவருக்கு ஊருக்குள் ஒரு குழி நிலம்கூட மிஞ்சாது.

இன்றைய நிலையில் அடிமனைக்காரர் கையில் இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் நிலம் உண்மையில் யாருடையது என்று பாருங்கள். நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுங்கள். கிராமமாக இருந்தால் ‘அ’ பதிவேடு. அதில் கோயில் பெயரா, நத்தமா, அரசுப் புறம்போக்கா என்று தெரியும். அறநிலையத் துறைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு சொத்துப் பதிவேடு உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் மனைக்கான பக்கத்தை மட்டும் கேட்டு வாங்கலாம். இரண்டும் ஒத்துப்போகாத இடங்கள் இருக்கின்றன. பழைய இனாம் நிலமாக, அதாவது அந்தக் காலத்தில் கொடையாக விட்ட நிலமாக, இருந்தால், 1963-ஆம் ஆண்டின் மைனர் இனாம் ஒழிப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு உங்களுக்குப் பொருந்துமா என்று சிவில் வழக்கறிஞரிடம் கேளுங்கள். கட்டடம் அதன் சொந்தக்காரரையே சேரும் என்று சொல்லும் பிரிவு அது. கோயில் பெயர் தெளிவாக இருந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அனுபவப் பாத்தியதை, அதாவது நெடுநாள் அனுபவித்ததால் இடம் எனக்கே, என்று வாதாடுவதில் பயனில்லை, அறநிலையத் துறைச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு அந்த வழியை அடைத்துவிட்டது.

அடுத்தது ரசீது. கோயில் அலுவலகத்தில் கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேடு என்று ஒன்று இருக்கும். பசலி ஆண்டுக் கணக்கில், அதாவது ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை, ஒவ்வொரு மனைக்கும் எவ்வளவு கேட்பு, எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று அதில் இருக்கும். ரசீதில் இருக்கும் பெயரும் அதில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ரசீதின் தலைப்பையும் படியுங்கள். ‘மனை வாடகை’ என்று இருந்தால் நீங்கள் வாடகைதாரர். ‘பயன்பாட்டுத் தொகை’, ‘ஆக்கிரமிப்புத் தொகை’ என்று இருந்தால், பணம் கட்டியும் உங்களை வாடகைதாரராக ஏற்கவில்லை என்று பொருள். பலர் இதைக் கவனிக்காமல் பத்து வருட ரசீதைக் கட்டிவைத்திருக்கிறார்கள். வசூலுக்கு வருகிறவர் கையில் ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். அறநிலையத் துறையின் இணையதளத்தில் கட்ட வசதி உள்ள கோயில் என்றால் அங்கேயே கட்டி அச்செடுத்து வையுங்கள். அலுவலகத்தில் வாங்க மறுத்தால் சும்மா திரும்பக் கூடாது. செயல் அலுவலர் பெயருக்கு வரைவோலை எடுக்காமல் கோயிலின் பெயருக்கு எடுத்து, எந்த மனை, எந்தப் பசலி என்று கடிதம் வைத்து, ஒப்புகை வரும் தபாலில் அனுப்புங்கள். திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் வைத்தால் அதுவே சான்று.

பெரும்பாலான குடும்பங்கள் தடுக்கி விழுவது பெயர் மாற்றத்தில். தாத்தா பெயரில் ரசீது, அப்பா இறந்து இருபது வருடம், பேரன் வாடகை கட்டுகிறார். பதிவேட்டின்படி வாடகைதாரர் உயிரோடு இல்லை, குடியிருக்கும் பேரன் யாரோ ஒருவர். குத்தகை முடிந்த பிறகும் இருக்கிறவரை அறநிலையத் துறைச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு ஆக்கிரமிப்பாளராகவே கணக்கில் எடுக்கிறது. உதவி ஆணையர் அறிக்கை அனுப்பினால் இணை ஆணையரிடமிருந்து நோட்டீஸ் வரும், பதில் சொல்லாமல் விட்டால் வெளியேற்ற உத்தரவு வரும். ஆகவே இறப்பு நடந்த வருடத்திலேயே மனுக் கொடுங்கள். இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லாக் கடிதம், கடைசி ரசீது, சொத்து வரி ரசீது, மின் கட்டண அட்டை, ஆதார் நகல் ஆகியவற்றை இணைத்துச் செயல் அலுவலருக்கோ, அறங்காவலர் இடத்தில் நியமிக்கப்பட்ட தக்காருக்கோ கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பாக்கி இருந்தால் மனு நகராது, முதலில் அதைத் தீருங்கள். வாரிசுகளில் ஒருவர் வெளியூரில் இருந்து கையெழுத்துப் போட மறுப்பதுதான் வழக்கமான முட்டுக்கட்டை. அப்படியானால் எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டாக மாற்றச் சொல்லிக் கேளுங்கள், மனு நிற்காமல் நகர வாய்ப்பு உண்டு. அண்ணன் தம்பி நடுவில் சுவர் எழுப்பி வீட்டைப் பிரித்துக்கொள்வதும், முன் திண்ணையைக் கடைக்கு விடுவதும் அனுமதி இல்லாமல் செய்தால் உள்வாடகை, உபயோக மாற்றம் என்ற இரண்டு குற்றச்சாட்டுகளை நீங்களே எழுதிக்கொடுத்தது போல ஆகும். கடை வந்தால் வாடகை வணிக விகிதத்துக்குப் போகும், முன்பக்கம் மட்டும் என்று யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

‘கட்டடம் மட்டும்’ என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவின்படி, கோயில் சொத்து சம்பந்தப்பட்ட பத்திரத்தை உரிய அனுமதி இல்லாமல் சார்பதிவாளர் பதியமாட்டார். அதனால் பதியாத காகிதத்தில் லட்சங்கள் கைமாறுகின்றன. வாங்கியவரைக் கோயில் ஏற்காது. விற்றவர் பெயரிலேயே ரசீது தொடரும், அவர் இறந்தால் அவருடைய வாரிசுகள் வந்து நிற்பார்கள். யார் எவ்வளவு சொன்னாலும் இதை வாங்காதீர்கள்.

வாடகை எப்படி ஏறுகிறது என்ற கணக்கு தெரிந்திருக்க வேண்டும். அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-அ பிரிவின்படி இணை ஆணையர், கோயிலின் செயல் அலுவலர் அல்லது அறங்காவலர், மாவட்டப் பதிவாளர் சேர்ந்த குழு அக்கம்பக்கத்து வாடகை நிலவரத்தைப் பார்த்து வாடகையை நிர்ணயிக்கும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திருத்தும். ஒரு மாதிரிக் கணக்கு: பழைய ரசீதில் 15 குழி என்று இருக்கிறது. நம் பக்கத்துக் குழி பன்னிரண்டு அடிக் கோலால் அளந்தது, 144 சதுர அடி. 15 குழி என்றால் 2,160 சதுர அடி, ஏறக்குறைய 200.7 சதுர மீட்டர். முகப்பு 18 அடி, நீளம் 120 அடி, பின்னால் கொல்லை என்று இருக்கும் வீட்டுக்கு இது பொருந்தும். வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 800 ரூபாய் என்றும், மாத வாடகை அதில் 0.1 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால், மனை மதிப்பு 17,28,000 ரூபாய், வாடகை மாதம் 1,728 ரூபாய். முன்பு 60 ரூபாய் கட்டியவருக்கு வித்தியாசம் 1,668 ரூபாய். இதைப் பத்து வருடம் பின்தேதியிட்டுக் கேட்டால் 2,00,160 ரூபாய் பாக்கி என்று ஒரு தாள் வரும். மாத வாடகையைவிட இந்தப் பின்தேதிதான் குடும்பங்களைச் சாய்க்கிறது. தவறாமல் கட்டியவரும் ஒரே நாளில் பாக்கிதாரர் ஆகிவிடுகிறார், பாக்கிதாரர் என்றானதும் பெயர் மாற்றம் நிற்கிறது, குத்தகையை ரத்து செய்யக் காரணமும் கிடைத்துவிடுகிறது.

எதிர்த்துப் பேசப் பிடி இருக்கிறது. அளவில் தவறு இருக்கலாம். பக்கத்து வீட்டோடு பொதுவான சந்துப் பாதையை முழுதாக உங்கள் கணக்கில் சேர்த்திருப்பார்கள், குழியைச் சதுர மீட்டராக மாற்றும்போது பிழை வந்திருக்கும். நாடாவை வைத்து அளந்து, வரைபடம் போட்டு, அளவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். மதிப்பில் தவறு இருக்கலாம். 120 அடி நீள மனையின் கொல்லைக் கடைசிக்கும் சன்னதித் தெரு முகப்பின் மதிப்பையே போட்டிருப்பார்கள். பின்பக்கத் தெருவின் வழிகாட்டி மதிப்பைக் காட்டி அதை எழுத்தில் ஆட்சேபியுங்கள். அதே தெருவில் தனியார் மனைக்கு உண்மையில் கொடுக்கும் வாடகைக்கு இரண்டு மூன்று ஒப்பந்த நகல்கள் கிடைத்தால் அதைவிட நல்ல ஆதாரம் இல்லை, சட்டம் சொல்லும் அளவுகோலே அதுதான். உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும், நிர்ணயித்த வாடகையைக் கட்டிய சான்று இல்லாமல் அதை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தெருக்காரர்கள் சேர்ந்து செயல் அலுவலரிடம் கோரிக்கை மனுக் கொடுப்பது நல்லதுதான், ஆனால் அது மேல்முறையீடு ஆகாது. மனுக் கொடுத்துவிட்டோம் என்று காத்திருந்தே 30 நாளை இழந்தவர்கள் ஏராளம்.

வீட்டைப் புதுப்பிப்பதும் இதே சிக்கலில் மாட்டிக்கொள்கிறது. பட்டா இல்லாததால் வங்கிக் கடன் இல்லை. சொந்த மனையில் கட்ட மானியம் தரும் அரசு வீட்டுத் திட்டங்களுக்கும் பட்டாவைக் கேட்கிறார்கள். நகராட்சியில் வரைபட அனுமதிக்குக் கோயிலின் தடையின்மைக் கடிதம் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி ஓட்டு வீடுகளைப் பிய்த்துப் போட்டபோது, இப்படி அடுத்தவர் மண்ணில் வீடு வைத்திருந்தவர்களுக்குத் தகரக் கூரையைத் தவிர வேறு வழி சுலபத்தில் கிடைத்திருக்காது. தளம் போடும் முன் அனுமதி வாங்குங்கள் என்று சொல்வது எளிது. அனுமதி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், இத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்ற விதி வந்தால்தான் அந்த அறிவுரைக்கு அர்த்தம் உண்டு.

சட்டத்தில் என்ன மாற வேண்டும் என்று கேட்டால், கோயிலுக்கு மனை இழப்பு இல்லாமலே செய்யக்கூடியவற்றைச் சொல்வேன். 1921 சட்டத்தின் 3-ஆம் பிரிவை, அதாவது கட்டடத்துக்கான ஈட்டை, சமய நிறுவன நிலத்தில் தானே குடியிருக்கும் வீடுகளுக்கு மட்டும் மீண்டும் பொருந்தச் செய்ய வேண்டும். 9-ஆம் பிரிவு திரும்ப வர வேண்டாம். ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகை விட அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி ஆணையர் அனுமதி வேண்டும், கோயிலுக்கு நன்மை என்றால் அவர் அனுமதிக்கலாம். நிலுவை இல்லாமல் குடியிருப்பவர்களுக்கு 30 ஆண்டுக் குத்தகையைக் கோயில் வாரியாக ஒரே உத்தரவில் கொடுக்க இந்த அதிகாரம் போதும். நிலையான வாடகை ஒழுங்காக வருவதைவிடக் கோயிலுக்கு நன்மை எது? வாரிசுச் சான்று கொடுத்த 60 நாளில் மறுப்பு வராவிட்டால் பெயர் மாறியதாகக் கொள்ள வேண்டும். புதிய வாடகை உத்தரவுத் தேதிக்குப் பின்னால்தான் ஓட வேண்டும், முன்னால் ஓடக் கூடாது. குடும்பம் வீட்டை விட்டுப் போக விரும்பினால் கட்டடத்தை முதலில் கோயிலுக்கே மதிப்புப் போட்டுக் கொடுக்க வேண்டும், கோயில் அதை வரிசையில் காத்திருக்கும் அடுத்த குடும்பத்துக்கு வாடகைக்கு விட வேண்டும். முத்திரைத்தாள் வியாபாரம் அப்போதுதான் நிற்கும்.

உங்கள் ஊர்க் கோயிலில் எத்தனை அடிமனைகள், எத்தனைக்கு நடப்பில் உள்ள எழுத்துக் குத்தகை, எத்தனை இறந்தவர் பெயரில் நிற்கின்றன என்ற மூன்று கேள்விகளைத் தகவல் உரிமை மனுவில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம்தான். பசலி முடிந்து பதிவேட்டை மூடியதும், ஜூலையில் அனுப்பினால் முழு ஆண்டுக் கணக்கும் சேர்ந்து கிடைக்கும்.